அவள் சொன்னதாக நான் சொன்னது

என் மனைவியின் அண்ணன் இறந்த செய்தியைப் பதினேழு நாட்கள் அவளிடமிருந்து மறைத்தேன். அப்போது நாங்கள் லாவோஸ் நாட்டில் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தோம். மறைத்ததோடு நான் நிற்கவில்லை. பிணத்தை வைத்துக்கொண்டு அவளுக்காகக் காத்திருந்தவர்களிடம், காத்திருக்க வேண்டாம், எடுத்துவிடுங்கள் என்று அவளே சொல்லிவிட்டதாகச் சொன்னேன். அவள் அப்படி எதுவும் சொல்லவில்லை. அண்ணன் இறந்ததே அவளுக்குத் தெரியாது.

எங்கள் பயணத்தைப் பற்றிக் கேட்பவர்களிடம் மலைகளையும் ஆறுகளையும் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறேன். இதை மட்டும் விட்டுவிடுவேன். இங்கே இதை மட்டும் எழுதுகிறேன்.

நான் கொல்லிமலைக்காரன். மலையில் ஒரு பள்ளியில் முப்பது ஆண்டுகள் புவியியல் நடத்தினேன். கடலையே பார்க்காத பிள்ளைகளுக்கு, நானும் பார்த்திராத நாடுகளைக் கரும்பலகையில் வரைந்து காட்டினேன். ஓய்வு பெறும்போது, அந்த நாடுகளில் சிலவற்றையாவது மண்ணோடு பார்த்துவிட வேண்டும் என்று ஒரு பிடிவாதம் வந்தது. விமானத்தில் போய் இறங்கி ஓட்டலில் தங்கிப் பார்க்க வசதியில்லை. அதனால் சைக்கிள். தாய்லாந்தில் தொடங்கி, லாவோஸ் மலைகளைக் கடந்து, வியட்நாமில் கடலைத் தொட்டு முடிப்பது என்று திட்டம். நான், என் மனைவி, அப்போதுதான் கல்லூரி முடித்திருந்த மகள். மூன்றுமே யாரோ ஓட்டிக் கழித்த கியர் சைக்கிள்கள். ஒரு கூடாரம், ஒரு சின்ன அடுப்பு, ஒரு மூட்டை சாமை அரிசி.

மனைவி சைக்கிள் கற்றுக்கொண்டதே ஐம்பத்திரண்டு வயதில், பள்ளி மைதானத்தில், சேலையை வரிந்து கட்டிக்கொண்டு. ஆனால் அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டையூசி வளைவுகளையும் ஏறிப் பழகியபோது முதலில் செம்மேடு போய்ச் சேர்ந்தவள் அவள்தான். நானும் மகளும் மூச்சு வாங்கிக்கொண்டு வருவதற்குள் டீ சொல்லி வைத்திருப்பாள். டீக்கடைக்காரர் ஒருநாள் கேட்டார்.

"ஏனுங்க வாத்தியாரே, நீங்க போற நாட்டுலயெல்லாம் பஸ் ஓடறதில்லீங்களா?"

நான் பதில் யோசிப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"ஓடுதுங்களாமா. எங்கூட்டு வாத்தியாருக்கு டிக்கெட் எடுக்கத்தான் மனசு வராது."

கடையே சிரித்தது. கிளம்பும் முன் பழைய மாணவர்கள் செம்மேடு பேருந்து நிலையத்துக்கு எதிரே எங்கள் மூவர் படத்தையும் போட்டு ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். கடல்வரை சென்று வெற்றியுடன் திரும்புக என்று எழுதியிருந்தது. எனக்கு அது பிடித்திருந்தது. எவ்வளவு பிடித்திருந்தது என்று பிற்பாடுதான் தெரிந்தது.

மனைவிக்குத் தாய் தகப்பன் சிறு வயதிலேயே போய்விட்டார்கள். பத்து வயது மூத்த அண்ணன்தான் வளர்த்தார். தான் ஐந்தாவதோடு நின்றுகொண்டு தங்கையைப் பத்தாவது வரை படிக்க வைத்தவர். கிளம்புவதற்கு முந்தின நாள் வந்து, சுக்கும் மிளகும் இடித்த பொடியை ஒரு டப்பாவில் கொடுத்தார். "சளி புடிச்சா போட்டுக் குடி சாமி. அங்கத்த மருந்தெல்லாம் நமக்கு ஒத்துக்காது" என்றார். என்னிடம், "பாத்துக் கூட்டிட்டுப் போங்க மச்சான். அவ முடியலைன்னு வாயத் தொறந்து சொல்ல மாட்டா" என்றார்.

செலவுக்குப் பயந்து ஒரே ஃபோன் போதும் என்று முடிவு செய்ததும் நான்தான். மகளுடையதை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொன்னேன். மனைவியிடம் ஃபோன் கிடையாது. வெளியுலகம் எங்களிடம் வருவதும், நாங்கள் வெளியுலகத்துக்குப் போவதும் என் சட்டைப் பை வழியாகத்தான்.

லாவோஸில் மனைவிக்கு அந்நிய நாட்டில் இருப்பதே மறந்துவிட்டது. நம் மலையைப் போலவே மேடும் பள்ளமுமான காடு, பலா மரங்கள், சாலையோரம் முழுக்கச் சீவிக் காயவைத்த மரவள்ளிக் கிழங்கு. ஒரு ஊரில் கிழங்கு சீவிக்கொண்டிருந்த பெண்களோடு உட்கார்ந்து இவளும் சீவ ஆரம்பித்துவிட்டாள். இவள் பேசியது அவர்களுக்குப் புரியவில்லை, அவர்கள் பேசியது இவளுக்குப் புரியவில்லை. ஆனாலும் அரை மணி நேரம் பேசினார்கள். எழுந்தபோது ஒருத்தி இவள் கொண்டையில் வெள்ளைப் பூ ஒன்றைச் செருகிவிட்டாள். அந்த நேரத்தில் மகள் என் ஃபோனில் ஒரு படம் எடுத்தாள். மனைவி வாய்விட்டுச் சிரிக்கும் படம் எங்கள் வீட்டில் அது ஒன்றுதான்.

மறுநாள் நண்பகலில் அழைப்பு வந்தது. மனைவியும் மகளும் சற்றுத் தள்ளி ஒரு பௌத்த மடத்துக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பேசியது அவள் அண்ணன் மகன். அவனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். பிக்கப் வண்டி ஓட்டுபவன்.

"மாமா... அப்பன் மொளகு பறிக்க ஏறுனாருங்க. ஏணி சறுக்கிருச்சுங்க. போயிட்டாருங்க மாமா."

நான் ஒரு மரத்தடிக்கு ஒதுங்கினேன். அவன் தொடர்ந்து பேசினான்.

"அத்தைய கூட்டிட்டு வந்துருங்க. ஐஸ் பெட்டிக்குச் சொல்லியிருக்கறோம். மூணு நாள் ஆனாலும் வெச்சிருப்போம். அத்த வந்து அரப்பு வெக்காம எடுக்கறதில்லைங்க."

எங்கள் வகையறாவில் அதுதான் வழக்கம். ஆண் இறந்தால் கூடப்பிறந்தவள் தலைக்கு எண்ணெயும் அரப்பும் வைத்த பிறகே குளிப்பாட்டுவார்கள். கூடப்பிறந்தவள் இல்லாதவனுக்குத்தான் வேறு யாராவது வைப்பார்கள்.

இங்கே நான் நேர்மையாக இருக்க வேண்டும். போயிருக்க முடியும். அன்று பிற்பகலே ஒரு லாரியில் சைக்கிள்களை ஏற்றி, நாங்கள் லாவோஸுக்குள் நுழைந்த ஆற்றங்கரை நகரத்துக்குத் திரும்பி, அங்கிருந்து பஸ்ஸில் விமான நிலையம் போய்விடலாம். மூன்றாம் நாள் கொல்லிமலை ஏறியிருக்கலாம். மரத்தடியில் நின்றபடியே மனதுக்குள் அந்த வழியைக் கணக்குப் போட்டேன். சரியாக வந்தது. சரியாக வந்ததும்தான் பயம் பிடித்தது. முன்னால் ஒரு மலைத்தொடர், அதன் உச்சியில் எல்லை, அதற்கப்பால் இறக்கம், பிறகு கடல். இத்தனை நாள் வந்துவிட்டுக் கடலைப் பார்க்காமல் திரும்புவதா? செம்மேட்டில் அந்த ஃப்ளெக்ஸ் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும் என்றுகூட நினைத்தேன். மச்சான் பிணமாகக் கிடந்த நேரத்தில் அதை நினைத்தேன்.

படித்தவனுக்குச் சமாதானம் தேடிக்கொள்வது எளிது. தூரத்தில் இருப்பவர்களுக்குச் சேதி காதில் விழுந்த நாளிலிருந்துதான் தீட்டு என்று எங்கள் பக்கம் ஒரு வழக்கு உண்டு. அதைப் பிடித்துக்கொண்டேன். அவள் காதில் விழாதவரை அவளுக்குத் துக்கமும் இல்லை, தீட்டும் இல்லை. ஊர் திரும்பியதும் சொன்னால், அன்றிலிருந்து எல்லாம் முறையாகச் செய்துகொள்ளலாம். யாருக்கும் எதுவும் குறையாது. இப்படித்தான் எனக்கு நானே பாடம் நடத்திக்கொண்டேன்.

மறுநாள் காலை மீண்டும் அழைத்தான்.

"மாமா, ஊரே ஒக்காந்திருக்குதுங்க. பொறப்பட்டாச்சுங்களா? ஃபோன அத்தைகிட்டக் குடுங்க."

மனைவி இருபது அடி தூரத்தில் மகளின் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு லாரியின் பின்னால் ஒதுங்கினேன்.

"அவ அழுது ஓஞ்சு கெடக்கறா கண்ணு. பேசற நெலமையில இல்ல. இங்கிருந்து வந்து சேர ஒரு வாரம் ஆயிரும். காத்திருக்க வேண்டாம், எடுத்துருங்கன்னு அவளே சொல்லிட்டா."



"அத்தையா சொன்னாங்க?"

"ஆமா கண்ணு."

"செரிங்க மாமா."

அன்று முற்பகலில் அடக்கம் செய்தார்கள்.

தினமும் மாலையில் அன்றைய படம் ஒன்றை என் ஃபோனில் ஸ்டேட்டஸாக வைப்போம். எதை வைப்பது என்று மகள்தான் சொல்வாள். அன்று, அம்மா சிரிக்கிற படத்தை இன்னும் போடவில்லையே, அதைப் போடுங்கப்பா என்றாள். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள். அவள் பார்த்துக்கொண்டே நிற்க, போட்டேன். அவள் நகர்ந்ததும் எடுத்துவிடலாம் என்று இருந்தேன். அதற்குள் சைக்கிளை எடுக்கச் சொன்னாள். இருட்டுவதற்குள் மேலே உள்ள ஊருக்குப் போக வேண்டும். இரண்டு வளைவு ஏறியதும் சிக்னல் போய்விட்டது. அடுத்த நாள் பிற்பகல்தான் திரும்பி வந்தது. யார் யார் பார்த்தார்கள் என்ற பட்டியலில் முதல் பெயர் அவள் அண்ணன் மகனுடையது. அதற்குக் கீழே அந்த ஊரில் ஃபோன் வைத்திருக்கும் எல்லோருடைய பெயரும் இருந்தது.

அந்தப் பதினேழு நாட்களில் மனைவி இரண்டு முறை, அண்ணனுக்கு ஒரு ஃபோன் போடுங்க, பேசி ரொம்ப நாளாச்சு என்றாள். முதல்முறை டவர் இல்லை என்றேன். இரண்டாம் முறை, "மொளகு சீசன், மரத்து மேல இருப்பாரு, தொந்தரவு பண்ணாத" என்றேன். என் வாயிலிருந்து வந்த வார்த்தைகள்தான் அவை.

கடலைப் பார்த்தேன். மூன்று பேரும் சைக்கிளோடு நின்று படம் எடுத்துக்கொண்டோம். எல்லாக் கடலும் போலத்தான் இருந்தது.

திருச்சியில் இறங்கியதும் சொல்ல நினைத்தேன். நாமக்கல்லில் சொல்ல நினைத்தேன். மலையடிவாரத்தில் பேளுக்குறிச்சிச் சந்தையில் இறங்கிப் பழம் வாங்கிக்கொண்டு போகலாம் என்று அவள் சொன்னபோது, இங்கேயே சொல்லிவிடுவது என்று வாயைத் திறந்தேன். அதற்குள் மிளகு வாங்கும் பாய் எங்களைப் பார்த்துவிட்டார். மச்சானிடம் வருடக்கணக்காக மிளகு எடுத்தவர். கடையிலிருந்து இறங்கி வந்து மனைவியின் முன்னால் நின்றார்.

"வந்துட்டீங்களா அம்மா. அண்ணனுக்கு நானும் வந்திருந்தேங்க. என்னங்க பண்றது, அல்லா குடுத்த நாள் அவ்வளவுதான். நீங்க வரமுடியாமப் போனதுதாங்க எல்லாத்துக்கும் சங்கட்டம்."

"எந்த அண்ணனுக்குங்க?" என்று கேட்டாள் அவள். அவளுக்கு ஒரே அண்ணன்தான்.

பாய் என்னைப் பார்த்தார். அவளும் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை.

அவள் கையில் இருந்த பையை மகளிடம் கொடுத்துவிட்டு, மலைக்குப் போகும் பஸ்ஸை நோக்கி நடந்தாள். நாங்கள் பின்னால் ஏறினோம். பஸ்ஸில் எவ்வளவு நாளாச்சு என்று கேட்டாள். சொன்னேன். மரவள்ளி சீவியதற்கு மறுநாளா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். நான் வராததற்கு அவர்களிடம் என்ன சொன்னீர்கள் என்றாள். அதையும் சொன்னேன். 

சாவு வீட்டுக்கு ஒருத்தி வந்தால், வீட்டுப் பெண்கள் எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும். எத்தனை நாள் கழித்து வந்தாலும் அதுதான் முறை. அன்று ஒருவரும் எழவில்லை. அவள் அண்ணி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மனைவி வாசலில் நின்று தனியாக அழுதாள். அண்ணன் மகன் வண்டியைத் துடைத்துக்கொண்டே சொன்னான்.

"ஃபோட்டோ பாத்தமுங்க அத்த. பூவெல்லாம் வெச்சுட்டு நல்லாத்தான் இருந்தீங்க."

நான் அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். பின்னால் வேலியோரம் நின்றுகொண்டிருந்தேன். மனைவி என்னைக் காட்டிக்கொடுப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தபின் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"புருசன் மறைச்சுட்டாருன்னு சொன்னா யாருங்க நம்புவாங்க? சிரிச்சுட்டு நிக்கறது நான்தானே" என்றாள்.

அதன்பின் பிறந்த வீட்டிலிருந்து அவளுக்கு எந்த அழைப்பும் வரவில்லை. வருசத் திதிக்கு வரவில்லை. பொங்கல் சீர் வரவில்லை. செம்மேடு சந்தையில் அண்ணியைப் பார்த்தால் இவள் நின்று பார்ப்பாள், அவள் வேறு கடைக்குப் போய்விடுவாள். மகள் என்னோடு ஏழு மாதம் பேசவில்லை. பிறகு வேலை கிடைத்து சேலம் போனாள்.

மூன்று ஆண்டுகள் கழித்து அண்ணன் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அண்ணன் மகன் கல்யாணத்துக்கு முதல் வெற்றிலை பாக்கு அத்தை வீட்டுக்குத்தான் வர வேண்டும். வரவில்லை. ஊரெல்லாம் அழைத்து முடித்துவிட்டார்கள் என்று தெரிந்த அன்று மனைவி வழக்கம்போலச் சமைத்தாள், வழக்கம்போல மாட்டுக்குத் தண்ணீர் வைத்தாள். எனக்குத்தான் தாங்கவில்லை. அடுத்த ஊர்க்கூட்டம் நடந்த அன்று, அவளிடம் சொல்லாமல் அந்த ஊருக்குப் போனேன்.

கோயில் முன்னால் முப்பது பேர் இருந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு நடுவில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். இங்கே எழுதியிருப்பதைவிடக் கூடவோ குறையவோ இல்லை. சொல்லி முடித்துத் தரையில் விழுந்து கும்பிட்டேன். எழுந்தபோது யாரும் கோபப்படவில்லை. ஊர்க்கவுண்டர் என்னைவிட மூத்தவர், தலையை ஆட்டிக்கொண்டே சொன்னார்.

"வாத்தியாரே, பொண்டாட்டிய எப்படியாவது ஊட்டோட சேத்தி உட்டுறோணும்னு பாக்கறீங்க. நல்ல மனசுதானுங்க. அதுக்காவ செய்யாத தப்பையெல்லாம் தலையில போட்டுக்காதீங்க."

"இல்லீங்க, நான்தான்..."

"படிச்ச மனுசன் இப்படிச் செய்வாருன்னு நாங்க நம்போணுமாக்கும்?" என்றார் இன்னொருவர். சிலர் சிரித்தார்கள். என் மேல் இரக்கப்பட்டுத்தான் சிரித்தார்கள்.

முப்பது ஆண்டுகள் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவன் நான். என் பொய்யைக் கேள்வி கேட்காமல் நம்பியவர்கள் என் உண்மையை நம்ப மறுத்தார்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றே. வாத்தியார் சொன்னால் சரியாக இருக்கும். வாத்தியார் தப்பு செய்ய மாட்டார்.

கூட்டம் கலைந்தது. அண்ணி மட்டும் பெண்கள் பக்கமிருந்து எழுந்து என் அருகே வந்தாள். மூன்று ஆண்டுகளில் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தாள்.

"அவரு செத்த மறுநா, அவ என்ன பண்ணிட்டு இருந்தா?"

"சைக்கிளுக்குக் காத்தடிச்சுட்டு இருந்தா."

"அதுக்கப்புறம்?"

யோசித்தேன். ரோட்டோரத்தில் ஒரு கொல்லன் பட்டறை வந்தது. அவள் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கொடுவாள் பார்த்தாள். கடையில் இருந்த எல்லாக் கொடுவாளையும் எடுத்துத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள். கொல்லனுக்குத் தன் இடது கையைக் காட்டி, வீசி, மறுபக்கம் சாணை பிடித்துக் கொடு என்று சைகையில் கேட்டாள். அவன் புரிந்துகொண்டு பிடித்துக் கொடுத்தான். நான் பார்த்துக்கொண்டே நின்றேன், தடுக்கவில்லை. மச்சான் இடது கைக்காரர்.

இதைச் சொன்னேன். அண்ணி கேட்டாள்.

"அது இப்ப எங்க இருக்குது?"

"ஊட்ல, பரண் மேல. அவதான் சாக்குல சுத்தி வெச்சிருக்கறா."

அண்ணி போய்விட்டாள்.

இரண்டு நாளில் வெற்றிலை பாக்கு வந்தது. அண்ணியே கொண்டுவந்தாள். மனைவியும் அவளும் அடுப்படியில் வெகுநேரம் இருந்தார்கள். நான் வெளியே இருந்தேன். அவள் போன பிறகு மனைவி என்னிடம் வந்தாள். சந்தோஷமாக இருப்பாள் என்று நினைத்தேன்.

"ஊர்க்கூட்டத்துல போயிப் பேசுனீங்களாமா?"

"ஆமா."

"என்னையக் கேட்டீங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"அன்னிக்கும் என்னையக் கேக்காம எனக்காகப் பேசுனீங்க. இன்னிக்கும் அதேதான். என்னைக்காவது ஒரு நா நானே போயிச் சொல்லிக்குவேன்னு இருந்தனுங்க. அண்ணிகிட்டச் சொல்லி அழுதுக்கலாம்னு இருந்தேன். அதையும் நீங்களே முடிச்சுட்டீங்க."

அவள் கத்தவில்லை.   இத்தனை வருடம் கழித்துத் தைரியம் வந்து ஊர் நடுவில் விழுந்து எழுந்ததை, பரிகாரம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் மனப்பாரத்தை இறக்கப் போனேன். அந்தச் சொல் அவளுடையது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கல்யாணத்துக்கு நீங்க வர வேண்டாங்க என்றாள். போகவில்லை. அவளும் மகளும் போனார்கள். மகள் சொல்லித்தான் மற்றது தெரியும். அத்தை உட்கார வேண்டிய இடத்தில் ஏற்கெனவே ஒரு தூரத்துச் சொந்தக்காரியை உட்கார வைத்திருந்தார்களாம். யாரும் அவளை எழுந்திருக்கச் சொல்லவில்லை. மனைவியும் கேட்கவில்லை. மாப்பிள்ளை மட்டும் சடங்கு முடிந்து எல்லோர் காலிலும் விழுந்து வரும்போது இவள் காலிலும் விழுந்தான். நிமிர்ந்து முகத்தைப் பார்க்கவில்லையாம்.

இப்போது மாதத்துக்கு ஒருமுறை அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்வருகிறாள். தனியாக. இரண்டு நாள் தங்குவாள், சில மாதம் நான்கு நாள். எப்போது வருவாய் என்று நான் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை. மகள் விடுமுறைக்கு வந்தால் இருவரும் அடுப்படியில் மச்சானைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். தண்ணீர் குடிக்க நான் உள்ளே போனால் பேச்சு மழைக்கோ மிளகுக்கோ மாறிவிடும். குடித்துவிட்டு வெளியே வந்துவிடுகிறேன்.